முப்பத்தோராவது பெயர்

நவம்பர் 5

ஒரு சின்னப் பிள்ளை எனக்குக் கை காட்டியது. எங்கள் தோட்டத்து மேல் லய வீட்டுப் பிள்ளை, தரம் ஆறு படிக்கிறது. பாடசாலை விட்டு எல்லோரும் வட்டவளை டவுனுக்குள் இறங்கி வருகிற நேரம். நான் ராசிக் நானாவின் துணிக்கடை வாசலில் நின்று விரித்துப் போட்ட சேலைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, காலையில கூப்புட்டேனே. திரும்பிக்கூட பாக்காம போயிட்டீங்க."

"எங்க கூப்புட்ட?"

"ஸ்கூல் கேட்டுல."

நான் காலை எட்டு மணியிலிருந்து கடையில் இருக்கிறேன். வேறு யாரையோ பார்த்திருக்கிறது. பனிமூட்டத்துக்குள் வெள்ளைச் சட்டையும் ரெட்டைப் பின்னலும் போனால் எல்லோரும் ஒரே ஆள்தானே.

நான் பாடசாலையை விட்டு நின்றது மே மாதம் இருபத்து மூன்றாம் திகதி. அதை அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எதற்குத்தான் வாய் வந்திருக்கிறது?

நவம்பர் 6

வருசம் முடியப் போகிறது. ரிபன் வாங்க வருகிற பிள்ளைகள் எல்லாம் ஆட்டோகிராப் புத்தகத்தோடு வருகிறார்கள். ஒருத்தி என்னிடமும் நீட்டினாள். பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

என் பத்தாம் வகுப்பு ஐந்து மாதம்தான். அதில் நினைவு இருப்பதை எழுதி வைக்கிறேன். காலைக் கூட்டத்தில் கொடி ஏறும்; பாதிக்கு மேல் பனியில் தெரியாது, கயிறு மட்டும் தெரியும். நாற்பத்து நாலு பேருடைய ஈரச் சட்டை வாசனை. கடைசி பெஞ்சு. பக்கத்தில் நாகலெட்சுமி. பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற கானும் தேயிலையும். மழைக்குக் கூரைத் தகரம் போடுகிற சத்தத்தில் பாடம் கேட்காது. எனக்கு அது சந்தோசம், கேள்வியும் கேட்க மாட்டார்களே.

அம்மா மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் விலகியதால்தான் நின்றேன் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் அம்மா ஒக்டோபரிலிருந்து திரும்பவும் கொழுந்து எடுக்கப் போகிறாள். நான்தான் திரும்பப் போகவில்லை.

நவம்பர் 8

டிரங்குப் பெட்டியைத் திறந்து யூனிபோம் இருக்கிறதா என்று பார்த்தேன். மடித்தபடி இருக்கிறது. ஏன் பார்த்தேன்?

நவம்பர் 13

அம்மா பெயருக்குப் பாடசாலையிலிருந்து கடிதம். தபால்காரர் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொடுத்திருக்கிறார். அம்மா வாசிக்கச் சொன்னாள். உங்கள் மகள் சர்மிளா மூன்றாம் தவணையில் ஒரு நாளும் தவறாமல் பாடசாலைக்குச் சமூகமளித்தமைக்காக வரவுக்கான பரிசு பெறத் தெரிவாகியுள்ளார். பெற்றோர் தவறாது வரவும். கீழே அதிபரின் கையெழுத்து, முத்திரை.

இரண்டு தடவை வாசித்தேன். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கவே இல்லை.

"நெசமா சொல்லு புள்ள. நீ கடைக்குத்தானே போற?"

"அம்மா!"

"இல்ல, எனக்குத் தெரியாம ஒளிச்சு ஒளிச்சு ஸ்கூலுக்குப் போறியா?"

சிரிப்பு வந்தது. மற்ற வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லிவிட்டு வேறு எங்கேயாவது போவார்கள். அம்மா இருமிக்கொண்டே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சப்பாத்து போட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்த மாதிரி இருந்தது.

நவம்பர் 15

வேறு சர்மிளா யாருமில்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன். எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான்.

நவம்பர் 18

எப்படியும் பாடசாலைக்குப் போக வேண்டியிருந்தது. ஹட்டனில் தையல் பயிற்சிக்கு ஜனவரியில் ஆள் எடுக்கிறார்கள். பாடசாலை விடுகைப் பத்திரம் வேண்டும், டிசம்பர் இரண்டுக்கு முன் கொடுக்க வேண்டும். ராசிக் நானாதான் விண்ணப்பம் எடுத்துத் தந்தார். "இங்க சேலை மடிச்சு மடிச்சு ஒங்கட காலம் போகக் கூடாது மகள்," என்றார். அவருக்குத் தெரிந்தவர்கள் அங்கே படித்துவிட்டு சொந்தமாகத் தைக்கிறார்களாம். தையல் எனக்கும் விருப்பம். மெஷினோடு பேச வேண்டியதில்லை.

எட்டு மணிக்கு முன்பே அலுவலக ஜன்னலில் நின்றேன். எழுதுவினைஞர் முத்துலிங்கம் ஐயா விசயத்தைக் கேட்டார். மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது. காலைக் கூட்டம் முடிந்து, வகுப்புகளிலிருந்து வரவு இடாப்புகள் வந்து மேசையில் அடுக்கும் வரை என்னை வெளியே நிற்க வைத்தார். பிறகு பத்து பி இடாப்பை எடுத்து விரலால் கீழே இறங்கினார்.

"சர்மிளா. முப்பத்தொன்னு. ஏம்மா, நீ தெனமும் வந்துக்கிட்டுத்தானே இருக்க?"

"இல்லங்க ஐயா. மே மாசமே நின்னுட்டேன்."

"தவணைப் பரீட்சை மார்க்ஸ் மட்டும் காணல. காய்ச்சலா?"

"நான் வரவே இல்லங்க."

அவர் இடாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே நீல மையில் சரி, சரி, சரி. ஜூன், ஜூலை, எல்லா மாதமும். இன்றைய கட்டத்தில் மை இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கும் வந்திருக்கியேம்மா," என்றார். "வர்ற புள்ளைக்கு எப்படி விடுகைப் பத்திரம் குடுக்கிறது?"

வகுப்பாசிரியரிடம் பேசி பெயரை வெட்டிக்கொண்டு வரச் சொன்னார். வகுப்புக்குப் போகும் வழியைக் கையால் காட்டினார், எனக்குத் தெரியாத மாதிரி. அதிலே பாதி தூரம் நடந்தேன். பிறகு திரும்பி கேட்டை நோக்கி ஓடிவந்துவிட்டேன்.

நவம்பர் 19

என் பெயரில் வருகிறவள் அங்கே போய் என்ன செய்கிறாள்? கொப்பி வைத்திருக்கிறாளா?

நவம்பர் 21

போனேன். கேட் வழியாகப் போகவில்லை. தேயிலைக்குள் இறங்கி, கான் ஓரமாக நடந்து, எங்கள் வகுப்பின் பின்சுவருக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே பக்க ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கும். பனி இறங்கியிருந்தது. என் கையையே நீட்டினால் மங்கலாகத்தான் தெரிந்தது.

ஜெயமலர் மிஸ் இடாப்பு கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணம். மே மாதம்தான் மாற்றலாகி எங்கள் வகுப்புக்கு வந்தார். தலையை நிமிர்த்தவே மாட்டார். மூக்குக் கண்ணாடி இடாப்பைத் தொடுகிற மாதிரி குனிந்து இலக்கத்தையும் பெயரையும் சொல்லிக்கொண்டே போவார். சத்தம் வந்தால் சரி போடுவார். வந்த புதிதில் அவர் "இருபத்தொண்டு" என்னும்போது எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

"முப்பது." யாரோ பதில் சொன்னார்கள்.

"முப்பத்தொண்டு, சர்மிளா."

"வந்திருக்கேன் மிஸ்."

என் குரல். சின்னதாக, கடைசியில் காற்றுப் போகிற மாதிரி. என் வாய் மூடியிருந்தது. தெரியும், ஏனென்றால் கையால் பொத்தியிருந்தேன்.

மிஸ் "முப்பத்திரண்டு" என்றார்.

நவம்பர் 22

கடையில் சீட்டித் துணியை ஒரு முழம் குறைத்து வெட்டிவிட்டேன். நானா ஏசவில்லை. "மகள், மொகம் ஒரு மாதிரி ஈக்கி. ஊட்டுக்குப் போங்க," என்றார். வீட்டில் தனியாக இருக்க விருப்பமில்லை என்று நின்றுகொண்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

நாகலெட்சுமி கடைக்கு வந்தாள். என்னைக் கண்டதும் கும்பிட்டாள். "என்னா சர்மிளா மேடம், பிரைஸ் வாங்க அம்மாவோட வர்றீங்களா, இல்ல தனியாவா?"

"நீதானா அது?"

"எது?"

"எனக்குப் பதிலா சொல்றது."

சிரித்துவிட்டாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே நானா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள்.

நான் படித்த காலத்திலும் அவள்தான் சொல்வாள். என் பெயர் வரும்போது நான் அவள் தொடையில் இடிப்பேன். அவள் குனிந்துகொண்டு என் குரல் மாதிரி சொல்வாள். எத்தனை டீச்சர்களை அப்படி ஏமாற்றினோம். பெரிய விளையாட்டு எங்களுக்கு. நான் நின்ற அடுத்த நாளும் என் பெயர் வந்ததும் அவளுக்குப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதாம்.

"சொல்லிட்டு அப்புறந்தான் பாத்தேன், பக்கத்துல நீ இல்ல. இனிமே வரலன்னு சொன்னா, நேத்து சொன்னது யாருன்னு கேப்பாங்கல்ல? அதனால அடுத்த நாளும் சொன்னேன். நீ ஒரு கிழமைக்குள்ள வந்துருவேன்னு நெனச்சேன்டி."

"வியாழக்கெழமையும் சொன்னியே. நான் சன்னலுக்கு வெளியில நின்னேன்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போனது.

"நான் சொல்லல."

"வெளையாடாத நாகு."

"சத்தியமா. ஆகஸ்ட் லீவு முடிஞ்சு வந்தப்போ எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ரெண்டு நாள் சத்தமே வரல. ஒன் பேரு வந்தப்போ, செத்தோம், இன்னைக்கு மாட்டுனோம்னு கண்ண மூடிக்கிட்டேன். பதில் வந்துச்சு. அன்னையிலேருந்து நான் வாயே தெறக்கிறதில்ல."

"யாரு சொன்னது?"

"பின்னாடி யாரோன்னு நெனச்சேன்."

"பின்னாடி யாரு இருக்கா?"

நாங்கள் கடைசி பெஞ்சு. பின்னால் சுவர்தான். நாகலெட்சுமி வாங்க வந்த ரிபனைக்கூட வாங்காமல் கிளம்பினாள். வாசலில் திரும்பி, "ஒன் எடத்துல யாரும் ஒக்கார்றதில்ல," என்றாள். "நாங்க யாரும் சொல்லி வச்சுக்கல. ஆனா ஒக்கார்றதில்ல."

நவம்பர் 25

எனக்குப் பயமாக இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் இன்று சேலை மடிக்கும்போது வேறு ஒன்று வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமை. அந்தச் சர்மிளா ஒரு நாளும் தவறவில்லை. மழை, பனி, கணக்குப் பாடம், எதற்கும் நிற்கவில்லை. நான் எதற்கெல்லாம் பயந்து ஓடிவந்தேனோ அதற்குள் போய் தினமும் உட்கார்ந்திருக்கிறாள். நாகலெட்சுமியை இடிக்காமல் தானே பதில் சொல்கிறாள்.

பரிசு அவளுக்கு உரியதுதான்.

நவம்பர் 27

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோவிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டுவாள் என்று நினைத்தேன். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "வெள்ளிக்கெழம ஸ்கூலுக்குக் கடைசி நாளுதானே. அன்னைக்குப் போயி, நான் வரலன்னு சொல்லிட்டு வா," என்றாள்.

"அங்கேயே போயி நின்னுக்கிட்டு வரலன்னு எப்படிம்மா சொல்றது?"

"அப்ப கடுதாசி எழுதிக் குடு." கொஞ்ச நேரம் துருவினாள். "எங் காலு சொகமாயி ரெண்டு மாசம் ஆச்சு. நான் ஒன்ன தையலுக்குப் போன்னும் சொல்லல, ஸ்கூலுக்குப் போன்னும் சொல்லல. ஆனா ரெண்டு எடத்துல இருக்காத புள்ள. அது நல்லதில்ல."

கடிதம் எழுதினேன். கனம் வகுப்பாசிரியை அவர்களுக்கு, எனது பெயரை இடாப்பிலிருந்து நீக்கிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதி முடித்து வாசித்தபோது, என்னை நீக்கச் சொல்கிறேனா அவளை நீக்கச் சொல்கிறேனா என்று தெரியவில்லை. பெயரை வெட்டினால் நான் ஹட்டனுக்குப் போவேன். அவள் எங்கே போவாள்?

நவம்பர் 28

நானா நாளைக்கு லீவு தந்தார்.

நவம்பர் 29

கடைக்குப் போடுகிற சுடிதாரோடுதான் போனேன். கேட்டில் யாரும் மறிக்கவில்லை. காலைக் கூட்டம் முடியும் வரை மலசலகூடத்துப் பக்கம் நின்றுவிட்டு, எல்லோரும் வகுப்புக்குள் நுழையும்போது நானும் நுழைந்தேன். நாற்பது பேர் பார்த்தார்கள். ஒருவரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஒருத்தி ஒதுங்கி வழி விட்டாள்.

வாசலில் நின்றே கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவதாகத்தான் யோசித்திருந்தேன். மிஸ் வந்துவிட்டார். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள். என் இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

காலைப் பனிக்குப் பெஞ்சு எல்லாம் ஜில்லென்று இருக்கும். நான் உட்கார்ந்த இடம் சூடாக இருந்தது. அப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

நாகலெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மிஸ் குனிந்து கூப்பிட ஆரம்பித்தார். பத்து. பதினைந்து. இருபத்தொண்டு. இன்று யாரும் சிரிக்கவில்லை. இருபத்தொன்பது. முப்பது.

"முப்பத்தொண்டு, சர்மிளா."

நான் காத்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் இருந்து அந்தக் குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முதுகுப் பக்கம் வெறும் சுவர்தான் இருந்தது, முன்பு எப்போதும் இருந்த மாதிரி.

மிஸ்ஸின் பேனை நின்றுவிட்டது. இத்தனை மாதத்தில் என் பெயரில் அது நின்றிருக்காது.

"சர்மிளா? இண்டைக்கு வரேல்லையோ?"

பேசாமல் இருந்தால் போதும். அவர் கட்டத்தில் பிழை போடுவார். பிறகு கடிதத்தைக் கொடுக்கலாம். அதற்குத்தானே வந்தேன். கடிதம் என் மடியில், வியர்வையில் ஓரம் நனைந்து.

"வந்திருக்கேன் மிஸ்," என்றேன்.

நான்தான் சொன்னேன். தொண்டை வலித்தது.

மிஸ் தலையை நிமிர்த்தினார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வகுப்பு முழுவதையும் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார்.

"ஆரது? எழும்பும், பாப்பம்."

கடிதத்தை நாலாக மடித்து சுடிதார் பைக்குள் வைத்துவிட்டு, எழுந்து நின்றேன்.