மேல்படுக்கை

1931 ஜூலை 6, திங்கள்

காலையிலிருந்து சாரல். வேளிமலை தெரியவில்லை. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டேன். பயணப் பெட்டி செய்கிற ஆசாரி இன்றும் வரவில்லை.

கொழும்பிலிருந்து கப்பல் ஏஜெண்டின் கடிதம். லிவர்பூலிலிருந்து நியூயார்க் போகும் கப்பலில் இரண்டு படுக்கை உள்ள அறை உறுதி. செப்டம்பர் கடைசி. பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருவர் பேரையும் எழுதி, மாதக் கடைசிக்குள் வந்து சேரும்படி அனுப்ப வேண்டும். திரு. என்று ஒரு வரி, திருமதி என்று ஒரு வரி. கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறான்.

நேசம் போய் நாலு மாசம். நான் படிக்கப்போகிற அமெரிக்கக் கல்லூரிக்கு எழுதினேன். வேலை பார்க்கிற மராமத்து இலாகாவுக்கு எழுதினேன். இந்த ஏஜெண்டுக்கு மட்டும் எழுதவில்லை. எழுதினால் அவள் படுக்கையை யாருக்காவது கொடுத்துவிடுவான்.

இந்த நோட்டு அவளுடையது. முன்பக்கம் இருபது தாள் அவள் கையெழுத்து. கப்பல் கம்பெனி அனுப்பிய கையேட்டை, தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதற்காக, பேச்சிப்பாறை அணை குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து தமிழில் எழுதினாள். தலைப்பும் அவள் வைத்ததுதான்: 'கடல் மோசமாயிருக்கும்போது பிரயாணிகள் எதிர்பார்க்க வேண்டியவை.' நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

அவள் எழுதியதில் கொஞ்சம்:

– சாப்பாட்டு மேசை ஓரத்தில் சட்டம் அடிப்பார்கள். விரிப்பை நனைத்து விரிப்பார்கள். தட்டு வழுக்காது.
– நடைவழியெல்லாம் கயிறு. ஒரு கை எப்போதும் அதில் இருக்க வேண்டும்.
– வட்டச் சன்னலை இரும்பு மூடி போட்டு அடைப்பார்கள். பயப்பட வேண்டாம்.
– வெறும் வயிறு கூடாது. உலர்ந்த ரொட்டி.
– பின்பக்கம் தூக்கும்போது தண்ணீருக்கடியில் சுற்றும் விசிறி வெளியே வந்துவிடும். கப்பல் முழுக்க நடுங்கும். (ஏன்? அவரிடம் கேட்க.)
– கீழ்ப்படுக்கையில் ஆட்டம் குறைவு. வயிறு பலமில்லாதவர்களுக்குக் கீழே.

கேட்டாள். பாரம் இல்லாமல் என்ஜின் வெறிகொண்டு ஓடுவது போல என்றேன். புரிந்தது. மேல்படுக்கையைச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள். சன்னல் மேலேதானே. எனக்குக் கீழே போதுமாம், உருண்டால் விழ தூரமில்லையாம்.

ஜூலை 7, செவ்வாய்

சாரல் விட்டு விட்டு. கப்பல் ஆட்டத்துக்குப் பழக வீட்டு ஊஞ்சலில் இரண்டு மணி நேரம் ஆடினேன், கண்ணை மூடிக்கொண்டு. குமட்டவே இல்லை. ஒரு ஆட்டம் மூன்று விநாடி. கப்பல் ஒரு தரம் சாய்ந்து நிமிரப் பன்னிரண்டு விநாடி ஆகும் என்று கையேடு. கணக்குப் போட்டேன். அதற்கு நூற்றுப்பதினேழு அடிக் கயிறு வேண்டும். சுசீந்திரம் கோபுரத்தில் கட்டித் தொங்கவிட்டால்தான் முடியும். ஊஞ்சல் பிரயோஜனமில்லை.

சாயங்காலம் சபை ஐயர் ஜெபம் பண்ண வந்தார். கர்த்தருடைய சித்தம் என்றார். சித்தம் இல்லை, எட்டுக் குழி என்றேன். அணைக்குப் பக்கத்தில் மண் பார்க்க நான் வெட்டிய குழிகள். மூடவில்லை. மழைத்தண்ணீர் நின்றது, கொசு வந்தது, காய்ச்சல் வந்தது. அளவு வேண்டுமானாலும் சொல்கிறேன், நாலுக்கு நாலு, ஆழம் ஆறு. ஐயர் ஜெபத்தை நீட்டிவிட்டார்.

அதற்கு முன்னாலேயே அத்தை கண்ணில் ஏஜெண்ட் கடிதம் பட்டிருந்தது. நேசத்தின் அம்மா. நாலு மாசமாக எனக்குச் சோறு போடுகிறவள். நேசத்தின் தங்கச்சி கிருபையை வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். கிருபை பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி, இங்கிலீஷ் தெரியும். வாசித்தாள். இரண்டு படுக்கை என்றதும் அத்தை சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள்.

"அவளுக்க படுக்க சும்மாதான கிடக்கு. வீட்டுல ஒரு பெண்ணு நிக்கா. கர்த்தரு வழி தொறக்கும்போ நாம கதவ அடைக்கப்பிடாது, மாப்பிள்ள."

இளவயசு ஆணும் கன்னிப்பெண்ணும் ஒரே கூரைக்கடியில், ஊர் எத்தனை நாள் பொறுக்கும் என்றும் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கிருபை கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்து உறையில் வைத்தாள்.

ஐயர் கிளம்பும்போது அத்தையும் வாசல்வரை போனாள். மழையில் நின்று வெகுநேரம் பேச்சு.

ஜூலை 9, வியாழன்

காற்று. முட்டம் கடற்கரைக்குச் சைக்கிள். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன்.

சூசையைப் பார்க்க. கட்டுமரக்காரர். அவர் பெஞ்சாதி நம் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள், அப்படிப் பழக்கம். என்னைக் கடலுக்குள் கூட்டிப்போக வேண்டும், எவ்வளவு மோசமோ அவ்வளவு நல்லது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கரையில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஓவர்சியருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஒருத்தன். கப்பலில் போகிறவனுக்குக் கட்டுமரம் எதற்கு, தேரில் போகிறவன் தென்னையில் ஏறிப் பழகுவானா என்று இன்னொருத்தன். சூசை மட்டும் காலையில் சாப்பிட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"கஞ்சி குடிச்சிட்டு வாரும். வெளிய வாறதுக்கு உள்ள ஏதாவது கிடக்கணும் இல்லா."

கையேடும் அதையேதான் சொல்கிறது.

பலகையில் டிகிரி வரைந்து தூக்குக்குண்டு கட்டிக் கொண்டுபோயிருந்தேன், சாய்வை அளக்க. சூசை அதைத் தடுக்கவில்லை. அவர் முன்னால், அவர் தம்பி பின்னால், நான் நடுவில். முதல் அலை: முப்பத்தைந்து டிகிரி. இரண்டாவது அலைக்குப் பலகை இல்லை.

மூன்றாவதில் நான் இல்லை.

தண்ணீருக்குள் சத்தம் கிடையாது. பரவாயில்லை என்று தோன்றியது. இதை எழுதத்தான் வேண்டும். பரவாயில்லை, இப்படியே இருக்கட்டும் என்று தெளிவாகவே தோன்றியது. ஆனால் கை மரத்தின் கட்டுக்கயிற்றைப் பிடித்திருந்தது. என்னைக் கேட்காமல் பிடித்திருந்தது. விரலைப் பிரிக்கப் பார்த்தேன். பிரியவில்லை. சூசை சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தார்.

"சாகதுக்கு வந்தீரா, பழகதுக்கு வந்தீரா ஓய்? சாகதுக்குன்னா எனக்க மரத்துல வேண்டாம். எனக்கு நாளைக்கும் இதுலதான் சோறு."

பழக என்றேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம். தூரத்தில் பார், அலையைப் பார்க்காதே என்றார். கரைமேட்டிலிருந்த விளக்குமாடத்தையே பார்த்தேன், வெள்ளையாக, ஆடாமல். கஞ்சி மூன்று தடவையாக வெளியே வந்தது.

கரையில் கை விரிய நேரம் பிடித்தது. உள்ளங்கையில் கயிற்றுத் தடம், ஆறு கோடு. எரிகிறது. எரிவது தெரிகிறது.

ஜூலை 10, வெள்ளி

வெயில், ஆச்சரியம். கிணற்றடியில் உப்புத்துணி அலசிக்கொண்டிருந்தேன். கிருபை பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே வந்தாள். குடையை மடக்கவில்லை.

அம்மா செவ்வாய்க்கிழமையே ஐயரிடம் எங்கள் இருவர் பேரையும் கொடுத்துவிட்டாளாம். ஞாயிறு கோயிலில் முதல் ஓலை, கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு வாசித்தால் ஆகஸ்ட் தொடக்கத்தில் கல்யாணம், கையோடு பாஸ்போர்ட், கப்பல்.

"நீங்க சம்மதம்னு சொன்னியளா அத்தான்?"

நான் ஒன்றுமே சொல்லவில்லையே என்றேன்.

"அதத்தான் அம்மா சம்மதம்னு எடுத்துக்கிட்டா."

உனக்குக் கடல் பயமா என்று கேட்டேன். முட்டாள் கேள்வி.

"கடல் பயமில்ல. போன வாரம் ரெண்டு தடவ என்ன நேசம்னு கூப்பிட்டிய. நானும் என்னன்னு கேட்டுட்டு வந்தேன். அதுதான் பயம்."

நான் கூப்பிட்டது எனக்குத் தெரியாது. துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். அவள் பிறகு சொன்னதைச் சத்தம் கூட்டாமல் சொன்னாள். படுக்கை காலியாகக் கிடக்கிறதனால்தானே அம்மா தன்னைத் தூக்கி அதில் போடுகிறாள். அக்காளுக்கென்று நான் அதைப் பிடித்துவைத்திருக்கிறேன், அதில் விழப்போவது தங்கச்சி என்றாள்.

கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. நாலு மாசத்தில் முதல் கோபம். நேராக அத்தையிடம் போனேன், இது நடக்காது என்றேன். பேர் கொடுத்தாகிவிட்டது, இனி மாற்றினால் பிள்ளையின் பேர்தான் கெடும் என்று அத்தை முறத்தைக் கீழே வைக்காமல் சொன்னாள். ஐயர் வீட்டுக்கு ஓடினேன். மலையோரச் சபைகளுக்குப் போயிருக்கிறார். ஞாயிறு காலை ஆராதனைக்குத்தான் வருவார். சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தேன். அவர் வீட்டு வேலைக்காரி அதை எங்கே வைத்தாளோ.

ஆசாரி வந்து பெட்டிக்கு அளவு எடுத்துப் போனான். ஒரு பெட்டியா இரண்டா என்றான். ஒன்று.

ஜூலை 12, ஞாயிறு

மழை. கோயில் நிறைந்திருந்தது, குடைகள் எல்லாம் வாசலில் ஒழுகிக்கொண்டு. ஐயர் மணி அடித்த பிறகுதான் வந்து சேர்ந்தார். சீட்டைப் பார்க்கவில்லை, நடையிலேயே தெரிந்தது.

இரண்டாம் பாட்டுக்குப் பிறகு ஓலை. என் பேர், காலஞ்சென்ற நேசத்தின் புருஷன். கிருபை, அவள் தங்கை. தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு ஐயர் தாளை மடிக்கத் தொடங்கினார். எந்த ஓலைக்கும் அந்த இடத்தில் யாரும் தலைகூட நிமிர்வதில்லை.

எழுந்தேன். வெளியே போக எழுந்தேன் என்று நினைத்திருப்பார். தடை உண்டு என்றேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருக்கு?"

"எனக்கு."

"மாப்பிள்ளயே நீருதான ஓய்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"எனக்க பெஞ்சாதி செத்து நாலு மாசம் ஆவுது ஐயரே. அவ எடத்துல யாரையும் வைக்கப்பிடாது. இந்தப் பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல. சம்மதம்னு நான் சொல்லவே இல்ல."

செத்து. அந்த வார்த்தையை நான் சொல்லிக் கேட்டது இன்றுதான். கூரையிலிருந்து திரும்பி வந்தது.

பெண்கள் பக்கத்தில் அசைவு. கிருபை எழுந்து நின்றாள்.

"எனக்கும் தடை உண்டு, ஐயரே."

அத்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உட்காரவில்லை. பாட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள், பாட்டுக்குக் காத்திருப்பவள் போல. ஐயர் தாளை அங்கிக்குள் போட்டுக்கொண்டு ஒரு எண் சொன்னார். தவறான எண். கிறிஸ்துமஸ் பாட்டு. சபை முழுக்க அதையே பாடியது.

திரும்பும்போது அத்தை இருபது அடி முன்னால், குடையோடு. நாங்கள் இருவரும் நனைந்துகொண்டு பின்னால், தெருவுக்கு இந்த ஓரம் ஒருவர், அந்த ஓரம் ஒருவர். மத்தியானம் மீன்குழம்பு. எங்கள் இருவர் தட்டிலும் மீன் இல்லை.

ஜூலை 13, திங்கள்

வானம் மூட்டம். மழை இல்லை.

பள்ளிக்கூடத்தில் தலைமை அம்மாள் கிருபையைக் கூப்பிட்டு விசாரித்தாளாம். 'நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், அவ்வளவுதான்' என்று கிருபை சொல்லியிருக்கிறாள். பேர் கெடும் என்றால் கெடட்டும், வகுப்பு எடுக்கப் பேர் வேண்டாம், சாக்குக்கட்டி போதும் என்றும்.

நான் ஏஜெண்டுக்குக் கடிதம். முதல் தாள்: 'என் மனைவி பிரயாணம் செய்ய இயலாத நிலையில்.' கிழித்தேன். இரண்டாவது: 'எதிர்பாராத காரணத்தால்.' கிழித்தேன். மூன்றாவதில் திருமதி வரிக்குக் குறுக்கே ஒரு கோடு, அடிமட்டம் வைத்து. அதற்குக் கீழே:

அவள் மார்ச்சில் இறந்துவிட்டாள். இந்த வரிக்கு வேறு பேர் இல்லை. மற்றப் படுக்கைக்கு ஆண் யாரையாவது போட்டுக்கொள்ளவும். எனக்கு மேல்படுக்கை.

யாரோ முகம் தெரியாத ஒருவன் கீழே படுப்பான். குறட்டை விடுவான். விடட்டும். உருண்டால் அவனுக்கு விழ தூரமில்லை.

உறையை ஒட்டுவதற்கு முன் கிருபையிடம் கொடுத்தேன், இங்கிலீஷ் சரியா என்று பார்க்க. ஒரு இடத்தில் ஒரு எழுத்துத் திருத்தினாள். அத்தை இரண்டு நாளாக என்னிடம் பேசுவதில்லை. ஆனால் சமையல்கட்டிலிருந்து எனக்குக் கேட்கும்படி:

"ஏட்டி, அந்த நாரத்தங்காய அரிஞ்சு உப்புல போடு. கப்பலுல போறவனுக்குக் குமட்டும்."

நேற்றுவரை மாப்பிள்ளை. இன்று போறவன். பரவாயில்லை, நாரத்தங்காய் வருகிறது.

கிருபை நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினாள். அக்காள் எழுதியதில் விரல் வைத்தாள்.

"கீழதான் ஆட்டம் கொறவுன்னு போட்டிருக்கு. மேல கூடுதலா ஆடும் இல்லா, அத்தான்?"

ஆமா என்றேன். ஆடட்டும்.