லைன்பேக்கருக்கு, எதிரணியிலிருந்து

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் எங்கள் குசினி முழுக்கச் சூடான ரப்பர் மணம். மகள் பள்ளிக்கூடத்தில் ஃபிளாக் ஃபுட்போல் விளையாடத் தொடங்கியிருக்கிறாள்; எங்கள் ஆட்டம்தான், ஆளை விழுத்தாமல் இடுப்புத் துணியைப் பறிப்பது. அவளுடைய புதுப் பல்லுக்காப்பைக் கொதிநீரில் இளக்கி, எப்படிக் கடிப்பதென்று காட்டிக்கொண்டிருந்தேன். "டயர் மணக்குது அப்பா" என்று மூக்கைச் சுளித்தாள். எனக்கு அது 2009 வசந்தத்தின் ஒரு சனிக்கிழமையாக மணந்தது. உன்னை முதன்முதலில் கண்ட நாள்.

அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிற தமிழன் சுவிஸில் நான் ஒருவன்தான் என்று அப்போது எனக்கொரு நினைப்பு. எங்கள் பெடியள் எல்லாரும் உதைபந்துதான். நான் பாடன் பக்கத்து அணியில் ரன்னிங் பேக். பந்தை வாங்கிக்கொண்டு எதிரே நிற்கும் ஆட்களுக்குள் வழி கண்டு ஓடுவது என் வேலை. நீ பேர்ன் அணியின் லைன்பேக்கர். நடுவில் நின்று, நான் எந்தப் பக்கம் வருவேன் என்று கணித்து விழுத்துவது உன் வேலை. ஹெல்மெட்டுக்குள் இருப்பவன் யாரென்று எனக்குத் தெரியாது. உயரம் குறைந்த, தோள் அகன்ற ஒருவன். அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கக் குனிந்து நின்றபோது எதிரே ஒரு குரல் தமிழில் முணுமுணுத்தது. "உள்ளுக்கு வாறான். உள்ளுக்குத்தான் வாறான்." நடுவால் ஓடுவதுதான் எங்கள் திட்டம். பந்து கைக்கு வந்ததும் திட்டத்தை விட்டுவிட்டு வெளிப்பக்கமாகத் திரும்பினேன்; முன்னால் யாருமே இல்லை. அடுத்த முறையும் நீ அதையே சொன்னாய், நான் மறுபடி வெளியால் ஓடினேன். எங்கள் கோச் என்னை மேதை என்று நினைத்துவிட்டார்.

இரண்டாம் பாதியில் என்னால் வாயை அடக்க முடியவில்லை. விழுந்த ஆட்களின் குவியலுக்குக் கீழே கிடந்தபடி, "அண்ணை நல்லாக் கதைக்கிறீங்கள்" என்றேன்.

நீ ஹெல்மெட்டின் கம்பிகளுக்குள்ளால் உற்றுப் பார்த்தாய். "தமிழோ?"

"ஓம்."

"எப்ப துவக்கம் விளங்கினது?"

"முதல்லயிருந்தே."

நீ எழும்பி உன் இடத்துக்குப் போனாய். அடுத்த முறை பந்து வருமுன், ஊருக்கே கேட்கிற மாதிரி, "வலப்பக்கம் போறான்" என்றாய். சிரித்துக்கொண்டே நான் இடப்பக்கம் வெட்டினேன். அங்கே நீ நின்றாய். மூச்சுப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த எனக்குக் கை நீட்டிச் சொன்னாய்: "வலம் எண்டது என்ர வலம், மச்சான்."

பிறகு உடைமாற்றும் அறைக்கு வெளியே நின்று கேட்டேன், ஏன் தமிழில் முணுமுணுக்கிறாய் என்று. "மற்றவைக்குக் கத்துறது சுவிஸ் ஜெர்மன்ல. எனக்குக் கதைக்கிறது தமிழ்ல" என்றாய். என்னைவிட நீ ஒரு வயது இளையவன் என்றும் அப்போதுதான் தெரிந்தது. அண்ணை போய் அன்றைக்கே மச்சான் வந்துவிட்டது.

நான்கு வருடம் நாங்கள் எதிரெதிரே ஆடினோம். கிழமை நாளில் நீ மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரித்தாய். நான் தொழிற்சாலைக்குப் போனேன். பிறகு ஜெர்மனியில் ஒரு தொழில்முறை அணி உன்னைக் கூப்பிட்டது. சம்பளம், தங்க அறை, முழுநேரமும் விளையாட்டு. கையில் இருந்த நிரந்தர வேலையை விட வேண்டும். "நீயும் வா. ஆக்களுக்கு முன்னால அம்மா ஏசமாட்டா" என்று என்னை பேர்னுக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில் இருந்த உங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

அம்மா ஏசவில்லைத்தான். "ஆக்களை இடிச்சு விழுத்திறதுக்குச் சம்பளமோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அம்மா."

"விழுந்த ஆக்களைத் தூக்கிவிடுற வேலை ஒண்டு கையில இருக்கெல்லோ."

நீ தலையைக் குனிந்துகொண்டாய். "அதைத் திரும்பி வந்தும் செய்யலாம். இதுக்கு இப்ப போகாட்டி, பிறகு கால் கேக்காது அம்மா."

அம்மா எனக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, நீர் சொல்லும். இவன் உண்மையாக் கெட்டிக்காரனோ, இல்லாட்டி சும்மா ஆசையோ?"

உன் எதிர்காலம் என் வாயில் நின்றது. "நாலு வருசமா என்னை விழுத்திறான் அம்மா. நானும் லேசில விழுறவன் இல்லை" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் எழுந்துபோய் உன் கம்பளிச் சட்டைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

ஜெர்மனியில் முதல் வருடம் நீ பெரும்பாலும் மைதானத்துக்கு வெளியேதான் நின்றாய். நடுவிடம் ஓர் அமெரிக்கனுக்கு. தொலைபேசியில் உன் குரல் சுருங்கியிருந்தது. "திரும்பி வரட்டோ?" என்று ஒருமுறை கேட்டாய். "அம்மாட்டச் சாட்சி சொன்னவன் நான். என்னைப் பொய்யனாக்காதை" என்றேன். கோபித்துப் போனை வைத்துவிட்டாய். இரண்டாம் வருடம் அந்த அமெரிக்கனின் தொடைத்தசை கிழிய, கோச் உன்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குப் பிறகு அந்த இடத்தை நீ யாருக்கும் கொடுக்கவில்லை. சுகமாகி வந்த அமெரிக்கனே உன் பக்கத்தில் நின்று, நீ சொல்கிற பக்கம் ஓடினான்.

உன் ஆட்டம் பார்க்க அம்மாவை ஒருமுறை காரில் கூட்டிப் போனேன். ஆட்கள் குவிந்து விழும் போதெல்லாம் கண்ணைப் பொத்திக்கொண்டார். கடைசியில் நீ பந்தை இடையில் பறித்துக்கொண்டு ஓட, அரங்கமே எழுந்து நின்றது. அம்மாவும் எழுந்துவிட்டார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. கை மட்டும் தட்டிக்கொண்டேயிருந்தது.

நான்காம் வருடம் முழங்கால் போனது. ஒருவன் பக்கவாட்டாக அதன்மேல் விழுந்தான், அவ்வளவுதான். சத்திரசிகிச்சைக்குப் பின் உன்னைத் தேற்ற வேண்டும் என்று நான் வழியெல்லாம் சொல் தேடிக்கொண்டு வந்தேன். நீ கட்டிலில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாய். "காணும் மச்சான். காலமை எழும்பி, என்ர வேலை இதுதான் எண்டு நாலு வருசம் சொன்னனான். எத்தினை பேருக்குக் கிடைக்கும்?" என்று ஒரு சுளையை நீட்டினாய். அன்று அம்மாவிடம் சொன்னபடியே ஓஸ்டர்முண்டிகனுக்குத் திரும்பினாய், மருத்துவமனையின் பழைய வார்டுக்கே. நோயாளியை வலிக்காமல் புரட்டிக் கிடத்த உன்னைத்தான் எல்லாரும் கூப்பிட்டார்களாம். அங்கேயும் நீ நன்றாகத்தான் இருந்தாய்.

இரத்தப் புற்றுநோய் வந்தபோது உனக்கு முப்பத்திரண்டு. ஒரு வருடம் கூட அது பொறுக்கவில்லை.

உன் அடக்கப் பூசை முடிந்து, தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டார். "தம்பி, நான் மேலயிருந்து பாத்தனான். நம்பர் மட்டும்தான் தெரிஞ்சது. அந்த இரும்புக் கம்பிக்குள்ள என்ர பிள்ளையின்ர முகம் எப்பிடி இருந்தது?"

எவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. ஆனால் பதில் என்னிடம் தயாராக இருந்தது. "பஸ்ஸுக்கு நிண்டவன், வளைவில அது திரும்பிறதைக் கண்டமாதிரி அம்மா. ஒவ்வொரு தரமும். பயமும் இல்லை, கோவமும் இல்லை. கண் சிரிச்சபடி நிப்பான்."

"உண்மையா?"

"உண்மையா."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப போனது சரிதான்" என்றார்.

உன் படங்கள் பலரிடம் இருக்கின்றன. எல்லாம் தூரத்திலிருந்து எடுத்தவை. அந்த முகத்தை ஒரு முழத் தூரத்தில் பார்த்தவர்கள், பந்தோடு உன்னை நோக்கி ஓடி வந்தவர்கள் மட்டும்தான். அவர்களில் ஒருவனாக இருந்ததில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.