கசெற்றின் கடைசிப் பன்னிரண்டு நிமிடங்கள்

அனுப்புநர்:
செல்வி மீனாம்பிகை கதிரவேலு,
வரலாற்று ஆசிரியை,
நாவலடைப்பு அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை,
சாவகச்சேரி.

பெறுநர்:
கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
யாழ்ப்பாணம்.

ஊடாக:
(அ) அதிபர்
(ஆ) கோட்டக் கல்வி அதிகாரி

விடயம்: மாணவர் தயாரித்த வரலாற்று வீடியோப் படத்தில் எஞ்சியுள்ள பகுதியை மீட்டுத் தரக் கோரல்

மதிப்புக்குரிய ஐயா,

இவ்விடயமாக நான் எழுதும் நான்காவது மனு இது. முதலாவது, உரிய வழியினூடாக வரவில்லை என்று திரும்பி வந்தது. மற்றைய இரண்டும் திரும்பியும் வரவில்லை. ஆகவே தொடக்கத்திலிருந்தே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. இலண்டனிலுள்ள பழைய மாணவர்கள் 1988இல் எமது பாடசாலைக்கு ஒரு வீடியோ கமெராவும் கசெற்றைப் போட்டுப் பார்க்கும் டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் அனுப்பினார்கள். பழுதாகிவிடும் என்ற பயத்தில் அவை ஒன்றரை வருடம் அதிபரின் அறையில் துணி போர்த்துக் கிடந்தன. 1990 சனவரியில் சண்டை பிடித்துக் கமெராவை வாங்கிப் பத்தாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தேன். பாடப்புத்தகத்தில் அரசர்களின் பட்டியல் இருக்கிறது, எங்கள் ஊர் ஒரு வரியிலும் இல்லை. அறுபத்துநான்காம் ஆண்டுப் புயலைப் பற்றி ஊரவரிடம் கேட்டுப் படமெடுங்கள் என்றேன்.

2. நான்கு மாதத்தில் ஐம்பது நிமிடப் படம் எடுத்தார்கள். கூரை பறந்த வீட்டுக்காரர் பேசினார். தன் வளவில் விழுந்த பனைகளை எண்ணிக் கொப்பியில் எழுதி வைத்திருந்த ஒருவர் அந்தக் கொப்பியோடு வந்து பேசினார். கேள்விகளில் பெரும்பாலானவற்றைக் கேட்டவர் அருந்ததி என்னும் மாணவி. கடைசிப் பன்னிரண்டு நிமிடங்களில் அவரே கமெராவுக்கு முன் நின்று, தாங்கள் அறிந்துகொண்டதைச் சொல்கிறார். நடுவில் சொல்ல வந்ததை மறந்து, "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று சிரிக்கிறார். கமெரா பிடித்தவர் நிறுத்தவில்லை. அதை வெட்ட எம்மிடம் வசதி இல்லை. இருந்தாலும் வெட்டியிருக்க மாட்டேன்.

3. யூன் மாதம் மின்சாரம் நின்றது. படத்தை ஊருக்குக் காட்ட முடியவில்லை. செப்டெம்பரில் அருந்ததியின் வீட்டில் ஷெல் விழுந்தது. பிள்ளை அந்த இடத்திலேயே இறந்தார். வீடு எரிந்ததில் ஒரு புகைப்படமும் மிஞ்சவில்லை. தாயார் பூரணம் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றதால் தப்பினார். அதை நல்ல காலம் என்று அவரிடம் எவரும் சொல்வதில்லை.

4. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமையே அவர் பாடசாலைக்கு வந்தார். "என்ரை பிள்ளை கதைக்கிறதை ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ ரீச்சர். முகம் மறந்துபோடுமோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார். "கரண்ட் வரட்டும் அம்மா" என்றேன். இப்படியே எட்டு மாதம் சொன்னேன். ஜெனரேற்றர் ஒன்றை இரவல் கேட்டு, எங்காவது மண்ணெண்ணெய் தேடியிருக்கலாம். தேடவில்லை. அது என் குற்றம்.

இன்னொரு குற்றமும் என்னுடையதே. கசெற்றின் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. கசெற் கிடைக்காத காலத்தில் நல்ல பொருளை ஏன் உடைக்க வேண்டும் என்று சிக்கனம் பார்த்து விட்டுவிட்டேன்.

5. 1991 மே மாதம் கோட்டக் கல்வி அதிகாரி அவர்களின் மகளுடைய பூப்புனித நீராட்டு விழா நடந்தது. நான் லீவில் இருந்தேன். அதிகாரி கேட்டால் அதிபர் மறுப்பாரா? கமெரா, அதனுள் இருந்த எங்கள் படக் கசெற்றுடனேயே விழாவுக்குப் போயிற்று. விழா வீட்டில் ஜெனரேற்றர் ஓடியிருக்கிறது; கடைகளில் புதுக் கசெற் இல்லாதபடியால் அதன்மேலேயே சடங்கைப் பதிந்திருக்கிறார்கள். படம் பிடித்த சீவரத்தினம் என்னிடம் நேரில் சொன்னது: "தொடக்கத்திலை இருந்து முப்பத்தெட்டு நிமிசந்தான் எடுத்தனான் ரீச்சர். கடைசித் துண்டு அப்பிடியே கிடக்கும்." அவர் இதைச் சொல்லும்போது கசெற் கனடாவிலுள்ள அதிகாரியின் தமையனாரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

6. ஒகஸ்ற்றில் அதிகாரி அவர்கள் புதுக் கசெற் ஒன்றை எங்கிருந்தோ எடுப்பித்துப் பாடசாலைக்கு அனுப்பினார். எடுத்த பொருளுக்குப் பொருள் வந்துவிட்டதால் விடயம் முடிந்தது என்பது அலுவலகத்தின் நிலைப்பாடு. அவர் கெட்ட மனிதர் அல்லர். அதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த பின்பும் பேசாமல் இருக்கிறார் என்பதுதான் என் மனவருத்தம். பூரணம் இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். வாங்குப் பலகையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறார். அவர் வரும் நேரம் நான் வகுப்பை விட்டு வெளியே வருவதில்லை.

7. எவரையும் தண்டிக்குமாறு நான் கேட்கவில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடங்களைப் பிரதி பண்ணி அனுப்பச் செய்தால் போதும்.

இம்மனு தங்கள் மேசைக்கு வருமென்று நான் நம்பவில்லை. விதிப்படி இதைக் கோட்டக் கல்வி அதிகாரி அவர்களே பிரித்து வாசித்து, மேலே அனுப்புவதா என்று தீர்மானிப்பார். எனவே மிகுதியை அவருக்கே எழுதுகிறேன்.

ஐயா, இதை அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. கனடாவுக்கு ஒரு கடிதம் மட்டும் போடுங்கள். ஆலாத்தி எடுத்து முடிந்ததும் திரை சற்று நேரம் புள்ளி புள்ளியாக இரையும். படம் முடிந்துவிட்டதென்று நிறுத்த வேண்டாம், அதன்மேல் வேறெதையும் பதிய வேண்டாம் என்று எழுதுங்கள். உங்கள் மகளுக்குப் பிறகு அங்கே இன்னொரு பெண்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறாள்.

தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்) மீ. கதிரவேலு

சாவகச்சேரி
17.03.1992