பதினாலாம் நம்பர் வேனுக்கு நான் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜ், மைசூரு
பிப்ரவரி 24

அன்பு மகள் ஜூலிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், அந்த லீட்ஸ் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் வீடியோவில் முகம் பார்க்கிற காலத்தில் அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். பின்தெரு மகேஸ்வரி மருமகளின் பிரசவத்துக்காக வியாழக்கிழமை மான்செஸ்டர் போகிறாள், அவளிடம் பருப்புப் பொடியும் முறுக்கும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் வைத்துவிடுகிறேன். போன மாதம் போனில் நீ என்னிடம், ஏன்மா தம்பியை அத்தனை பேர் முன்னால் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் குக்கர் சத்தம் போடுகிறது என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை. உனக்குச் சொல்ல வேண்டியதைக் கேமராவைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை, நீயும் பாதியில் டியூட்டிக்கு ஓடிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பி கிரிஸ் அந்தப் பழைய ஆம்னி வேனை வாங்கியபோது நீ இங்கேதான் இருந்தாய், அப்புறம் நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆபீஸ் விட்டு வந்து பதினாலு மாதம் அந்த வேனோடுதான் குடித்தனம். பின்சீட்டெல்லாம் கழற்றினான், உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டினான், பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகவே சுற்றுகிற மாதிரி உள்ளே வெல்டு வைத்தான். அப்படி வைத்தால்தான் மண்ணில் வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு வளைவு எடுக்க முடியுமாம், டிரிஃப்ட் என்றால் அதுதான். வெல்டிங் எல்லாம் ஹின்கலில் பட்டறை வைத்திருக்கும் காளியப்பன் செய்து கொடுத்தது, தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரர், கொங்குப் பேச்சு, நல்ல கை. நீ அங்கிருந்து அனுப்பிய இரண்டு செட் நாலு பட்டை சீட் பெல்ட் வந்த அன்று கிரிஸ் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சாப்பிட்டான். என் கதையும் உனக்குத் தெரிந்ததுதான். முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் நின்று போல்ட்டும் நட்டும் பார்த்தவள் ரிட்டயர் ஆன பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல், கிளப் நடத்தும் மஞ்சுநாத் கேட்டார் என்று பந்தயத்துக்கு முன்னால் வண்டிகளைச் சோதித்து விடுகிற வேலையை ஏற்றுக்கொண்டேன். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பச்சை வாங்காத வண்டி ஞாயிற்றுக்கிழமை ஓடக் கூடாது, அது மஞ்சுநாத் போட்ட சட்டம். அங்கே எனக்கு ரிஜெக்ட் ஆன்ட்டி என்று பெயர், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமைதான் கிரிஸுக்கு முதல் பந்தயம். ரிங் ரோட்டைத் தாண்டி ஒரு மண் மைதானம், இருபத்திமூன்று வண்டி. அவன் ஆபீஸ் சிநேகிதர்கள் எட்டுப் பேர் அவனுடைய பதினாலாம் நம்பர் போட்ட சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நாலு மணி சுமாருக்கு அவன் வேன் என் முன்னால் வந்தது. நான் டார்ச்சை எடுத்துக் குனிந்தேன், டிரைவர் சீட்டுக்குக் கீழே பெல்ட்டைப் பிடித்திருக்கிற போல்ட்டைப் பார்த்தேன். வண்டியின் தரை வெறும் மெல்லிய தகடு, அதற்குக் கீழே மூன்று மில்லி கனத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு கொடுத்துத்தான் போல்ட் முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி உருண்டால் ஆள் கனத்துக்குப் போல்ட் தரையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். இவன் வெறும் வாஷர் போட்டு முடுக்கியிருந்தான். நாலு போல்ட்டும் அப்படித்தான். நான் எழுந்து, தகடு வேண்டும், இப்படி விட முடியாது என்றேன். அவன் முதலில் சிரித்தான், விளையாடுகிறேன் என்று நினைத்தான். அப்புறம் பக்கத்தில் வந்து, அம்மா, காலையில ஏழு மணிக்குள்ள போட்டுடறேன், இப்ப ஒரு பச்சை மட்டும் ஒட்டுங்க, ப்ளீஸ்மா என்றான். ஐந்து மணிக்குள் பட்டறைக்குப் போய் வரவும் நேரமில்லை, நான் முடியாது என்றேன். மஞ்சுநாத் வந்து பார்த்தார், அவருக்கே சங்கடம், மேடம், நீவு ஹேளித்தே ஃபைனல் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, முடிவை என்னிடமே விட்டு நகர்ந்துவிட்டார். சிவப்பை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினேன். சட்டை தைத்துப் போட்ட பிள்ளைகள் எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிரிஸ் கத்தவில்லை. என் பக்கத்தில் குனிந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நேரா அங்கதானே போனீங்க, வேற எங்கயும் பார்க்கல, உங்களுக்கு முன்னாடியே தெரியும் என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூலி, அவன் சொன்னது நிஜம். இதைத்தான் உன்னிடம் போனில் சொல்ல முடியாமல் வைத்தேன். அதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் அவன் வேனுக்கு அடியில் படுத்திருந்தான், நான் காபி கொண்டுபோனேன், டம்ளரை அவன் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்கக் குனிந்தபோது அந்தப் போல்ட் என் கண்ணில் பட்டது, முப்பத்தொரு வருஷப் பழக்கம், கண் தானாகப் போய்விடுகிறது. சொல்ல வாயெடுத்தேன். அந்த வாரம் ஏற்கெனவே ஒயரைக் கட்டவில்லை, பிரேக் குழாய் உரசுகிறது என்று இரண்டு மூன்று சொல்லியிருந்தேன், அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. நான் பேசுவதற்கு முன்பே, அம்மா, இது உங்க ஃபேக்டரி இல்ல, சனிக்கிழமை வந்து பார்த்துக்கோங்க, இப்ப விடுங்க என்றான். எனக்குச் சுருக்கென்றது. சரி, சனிக்கிழமையே பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். என் மகன் வண்டிக்கு மட்டும் வீட்டில் சோதனை, மற்ற இருபத்திரண்டு பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் தேடிக்கொண்டேன். கேட்க நல்ல நியாயம்தான். ஆனால் அது இல்லை காரணம். ஒரு தடவை இவன் தெரிந்துகொள்ளட்டும் என்கிற கோபம்தான் காரணம். வெள்ளிக்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காளியப்பன் பட்டறையில் ஒரு மணி நேர வேலை, அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஓட்டியிருப்பான்.

ஒன்பது நாள் வீட்டில் பேச்சே இல்லை. கத்தியிருந்தால் தேவலை. சாப்பிட்டுட்டேன், வர லேட்டாகும், சாவி எங்க, இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. உன் அப்பா மரியராஜைத்தான் உனக்குத் தெரியுமே, போஸ்ட் ஆபீஸில் இருந்த மாதிரியே எல்லாவற்றுக்கும் முத்திரை குத்துகிற மனிதர். இரண்டு நாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜெசிந்தா, நீ பண்ணது சரி, ஆனா நல்லா பண்ணல என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை. பத்தாவது நாள், குடியரசு தின லீவு, காலையில் கிரிஸ் வேனுக்கு அடியில் இருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன், அவன் வெளியே வரவில்லை, காலும் செருப்பும் மட்டும்தான் தெரிந்தது. காலைப் பார்த்து மன்னிப்புக் கேட்க முடியுமா, சொல். அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டு நானும் படுத்து உள்ளே நகர்ந்தேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. படுத்தபடியே சொன்னேன், வியாழக்கிழமையே பார்த்தேன்டா, நீ பேசினதுல கோபம், அதனாலதான் சொல்லல, அந்த ஸ்டிக்கர் சரி, ஆனா நான் வாயை மூடிட்டு இருந்தது தப்பு என்று. அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், மேலே இருந்து கண்ணில் துரு கொட்டியது, அது அழுகைக்கு வசதியாகப் போய்விட்டது. அவன் கையை நீட்டி, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் குடுங்கம்மா என்றான். கொடுத்தேன். எழுந்திருக்கத்தான் அவனும் அப்பாவும் சேர்ந்து என்னை இழுக்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கே மத்தியானம் இரண்டு பேரும் தகடு வெட்டக் காளியப்பன் பட்டறைக்குப் போனோம். லீவு நாளென்றாலும் திறந்து கொடுத்தார். போல்ட்டைப் பார்த்ததும் அவர் என்ன சொன்னார் தெரியுமா, ஏனுங்கம்மா, இதையத்தான் நான் பொங்கலுக்கு முன்னாலயே தம்பிகிட்டச் சொன்னனுங்க, தகடு வெச்சுத்தான் முடுக்கோணும்னு, அப்பறம் பார்த்துக்கலாம்னு உட்டுட்டாப்ல என்றார். நான் கிரிஸைத் திரும்பிப் பார்த்தேன். அவன் காதெல்லாம் சிவந்துபோய் கிரைண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வரும் வழியில் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது, ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திச் சிரித்தோம். அதற்கப்புறம் மூன்று வாரம் சனி ஞாயிறு முழுக்க நானும் அவனோடு வேனில்தான். நான் மேலே பிடிப்பேன், அவன் கீழே முடுக்குவான். ஆனால் கை வைத்த வண்டியை நானே சோதிக்கக் கூடாது அல்லவா, மஞ்சுநாத்துக்குப் போன் செய்து அடுத்த பந்தயத்துக்குப் பதினாலாம் நம்பரை வேறு யாராவது பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மண்டியாவிலிருந்து பசவராஜ் என்று ஒருவரை அழைத்து வந்தார், என்னைவிடக் கண்டிப்பு. பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார், தகடு கனத்தை அளந்து பார்த்தார், தலையை ஆட்டினார். அப்புறம் பேட்டரியைத் திறந்து, இது யாரு மாடித்து என்று அதட்டினார், பிளஸ் முனைக்கு மூடி இல்லாமல் விட்டது யார் என்கிறார். கிரிஸ் என்னைக் கைகாட்டினான். நான் கழற்றி முடுக்கிய முனை, மூடி போட மறந்திருக்கிறேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிப் பத்து நிமிஷத்தில் பச்சை வாங்கினோம். எனக்கு வெட்கமாக இருந்தாலும் மனசு லேசாக இருந்தது.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடித்து நேராக மைதானத்துக்குப் போனோம். மற்ற வண்டிகள் ஓடும்போது நான் போல்ட் ஞாபகத்தில்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், இவன் வந்தபோது என்னால் ஒன்றும் யோசிக்க முடியவில்லை, அப்பா கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சின்ன வேன் வளைவில் முகத்தை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டிலேயே புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஒரு நொடி கண்ணாடிக்குள் அவன் முகம் தெரிந்தது, பயமே இல்லை ஜூலி, கணக்குப் போடும்போது சின்ன வயதில் நாக்கைக் கடித்துக்கொள்வானே, அதே மாதிரி. இரண்டாவது சுற்றில் கொஞ்சம் அதிகமாகச் சறுக்கி முழுசாகச் சுற்றி டயர் அடுக்கில் இடித்தான், பம்பர் கழன்றது, திரும்ப எடுத்து ஓட்டி முடித்தான். பத்தொன்பது பேரில் பதினொன்றாவது. முதல் பரிசு வாங்கியவன்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். பந்தயம் முடிந்தபிறகு வீட்டார் யாராவது ஆசைப்பட்டால் பக்கத்தில் உட்கார்த்தி ஒரு சுற்று கூட்டிப்போகலாம் என்று அறிவித்தார்கள். கிரிஸ் என்னைக் கேட்டான், நான் முட்டி வலி என்று நழுவினேன். உன் அப்பா, ஆட்டோக்காரரிடம் மெதுவா போப்பா என்று நாலு தடவை சொல்கிற மனிதர், நான் வரேன் என்று கையைத் தூக்கினார். ஹெல்மெட் போட்டு உட்கார்த்தினார்கள். கிரிஸ் பெல்ட்டை மாட்டிவிட்டு அந்தப் பக்கம் போகாமல் என்னைத் திரும்பிப் பார்த்து, அம்மா, ஒரு தடவை நீங்க பாருங்க என்றான். போய் நாலு பட்டையையும் இழுத்துப் பார்த்தேன். இடது தோளில் பட்டை முறுக்கியிருந்தது. அவன் அலுத்துக்கொள்வானோ என்று ஒரு கணம் தோன்றியது, இருந்தாலும், இது முறுக்கியிருக்குடா என்று சொன்னேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் குனிந்து பக்கிளைக் கழற்றிப் பட்டையை நேராக்கி மாட்டினான், பார்த்துட்டீங்களா, போகலாமா என்று கேட்டான், நான் தலையாட்டிய பிறகுதான் ஏறி உட்கார்ந்தான். அப்பா இறங்கும்போது சட்டையெல்லாம் நனைந்து, மூக்குக்கண்ணாடி கோணலாகியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு முதலில் கேட்டது, இன்னொரு தடவை கூட்டிட்டுப் போவானா என்பதுதான்.

இதுதான் நடந்தது. தம்பியிடம் நீ இதைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம், அவனே சொன்னால் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள். தவக்காலம் என்று வெறும் வயிற்றில் டியூட்டிக்குப் போகாதே, நோயாளிகளைத் தூக்கி நிறுத்துகிற வேலை உனக்கு. பொடி டப்பாவைத் திறந்ததும் ஈரக் கரண்டி போடாதே. மாதாவின் அரவணைப்பும் எங்கள் இரண்டு பேர் ஆசீரும் எப்போதும் உன்மேல் இருக்கும். ஈஸ்டர் லீவுக்கு டிக்கெட் பார்க்கிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரமே போட்டுவிடு, அப்பா உனக்கும் சேர்த்து மஞ்சுநாத்திடம் ஒரு சுற்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா ஜெசிந்தா