கேபின் ஆடுது என்றாய்

மச்சான்,

நீ போனதிலிருந்து இரும்புலியூர் ஷெட்டிலேயே நின்றிருந்த நம் பிக்கப்பை இன்று காலை இழுத்துப் போய் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் கேபினின் பின்பக்கத்தைத் தோளால் ஒரு தள்ளு தள்ளினார். கேபின், அடிச்சட்டமான சேசிஸை விட்டு விரலளவு எழும்பி, மடாரென்று உட்கார்ந்தது.

"இன்னா சார், பின்னாடி ரெண்டு போல்ட்லயும் நட்டே இல்ல. இதையா ஓட்டிகினு இருந்தீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முன்பு நமக்கு ஆளுக்கொரு பிக்கப். என் வண்டி ஃபோர் வீல் டிரைவ். சேசிஸ் கல்லு மாதிரி, கேபின்தான் துருப்பிடித்துச் சல்லடை. உன்னுடையது சாதாரண டூ வீல் டிரைவ். கேபின் புதுசு போல, சேசிஸ்தான் லாரி மோதிக் கோணிப்போனது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கலாம் என்ற கோணங்கி யோசனை உன்னுடையது. செயின் பிளாக்கில் உன் கேபினைத் தூக்கி என் சேசிஸ்மேல் இறக்கினோம். அதன் தரையில் ஃபோர் வீல் லிவருக்கு ஓட்டையே இல்லை, நீயே வெட்டினாய். கதவு ஒழுங்காகப் பொருந்தும் வரை எந்த நட்டையும் இறுக்கக் கூடாது, கையால் திருகி வைத்தால் போதும் என்பது உன் சட்டம். கதவு பொருந்தியது. முன்பக்கம் இறுக்கினோம். அதற்குமேல் உனக்குப் பொறுக்கவில்லை.

"வா மச்சான், திருநீர்மலை பக்கம் சேத்துல வுட்டுப் பாக்கலாம்!"

பின்பக்கத்தை நீ இறுக்கிவிட்டாய் என்று நான் இருந்தேன். நான் இறுக்கிவிட்டேன் என்று நீ இருந்திருப்பாய்.

உனக்கு நெஞ்சு வலித்த அன்று தெருவெல்லாம் வெள்ளம். ஆம்புலன்ஸ் வர வழியில்லை, நம் வண்டிதான் போனது. பக்கத்தில் சாய்ந்தபடி, "கேபின் ஆடுதுடா, மெதுவா போ" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். "ஒண்ணும் ஆடல, கம்முனு வா" என்று அதட்டிவிட்டு மிதித்தேன். அன்று சாயங்காலமே போய்விட்டாய்.

அந்தக் கேபின் பேச்சை வைத்து, வழியிலேயே உனக்கு நினைவு தப்பிவிட்டது, என்னென்னவோ உளறினாய் என்று உன் மனைவியிடம் சொன்னேன். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பார்க்கும்போதெல்லாம், "நெனவே இல்லல்ல அண்ணா?" என்பாள். "இல்லம்மா" என்பேன்.

இன்று மெக்கானிக்கிடமிருந்து நேராகச் சிட்லபாக்கத்துக்கு உன் வீட்டுக்குப் போனேன். சாகக் கிடந்த நேரத்திலும் வண்டியின் கோளாறைச் சரியாகச் சொன்னவன் நீ. அதை அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அவன் உளறலம்மா. முழு நெனவோடதான் இருந்திருக்கான்" என்றேன், பெருமையாக.

அவள் எனக்குக் கொண்டுவந்த காபியைக் கொடுக்காமல் அப்படியே நின்றாள்.

"அப்போ ஆஸ்பத்திரில என் கைய ஒதறிட்டு, 'நீ எதுக்கு வந்தே, போயிடு'ன்னாரே அண்ணா. அதுவும் நெனவோடதானா?"

இத்தனை நாளில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன இருந்தது என்று நீயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காபியைக்கூட வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். நாளைக்கும் கேட்பாள். என்ன சொல்லட்டும் மச்சான்?