ஊழித்தாயின் கைகள்

அம்மா,

போன திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் என்னிடம் முதன்முதலில் படம் வாங்கிய அந்த கேம் கம்பெனிதான். 'ஊழித்தாய் படத்தின் முதல் வடிவம் உங்களிடம் இருக்கிறதா? கைகள் கரடுமுரடாக இருந்ததே, அது. ஏ.ஐ. போட்டுத் தருகிற வழுவழுப்பு இப்போது எல்லாருக்கும் அலுத்துவிட்டது. மனிதர் வரைந்ததென்று பார்த்ததும் தெரிகிற கை வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் சிரிப்பு வந்தது.

உலகம் முடிகிற நாளில் கடலைக் குடித்து, மலைகளை உடைத்துக்கொண்டு வரும் ஒரு தாய். பத்துக் கை. கடலும் மலையும் எனக்குச் சுலபமாக வந்துவிட்டன, கைதான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவில் இருந்த உன்னை தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு ஜன்னலோரம் நிறுத்தினேன். சூலத்துக்குக் குடை, கபாலத்துக்குத் தேங்காய்த் தொட்டி, சங்குக்குச் செம்பு, வாளுக்குத் தோசைக் கரண்டி. ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொல்லி போனில் படம் எடுத்தேன்.

"பத்துக் கையா? எனக்கு இருந்திருந்தா மத்தியானத்துக்குள்ள நாலு பேரு கொழுந்த நானே எடுத்திருப்பேனே" என்றாய். லேப்டாப்பில் சரிந்து விழும் மலையைப் பார்த்துவிட்டு, "மல சரியுறதுக்கு மொதல்ல ஓடைத் தண்ணி கலங்கும். அத வரை" என்றாய். கொஞ்ச நேரம் போனதும், "ஒலகத்த அழிக்கிறவளுக்கு ஒருவாய் சோறு போட்டுட்டு நிக்க வைக்கக் கூடாதா மகன்?" என்று கேட்டாய். சிலோன் தோட்டத்தில் பிறந்தவள் நீ. கடைசிவரை அந்த ஊர் வழக்கப்படி என்னை மகன் என்றுதான் கூப்பிட்டாய்.

கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்நுனி, வெடிப்பு, பிளந்த நகம், ஒன்றையும் நான் விடவில்லை. நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம், இன்றைக்கும் சொல்வேன். டவுனுக்குப் போய் வீடியோ காலில் கம்பெனிக்குக் காட்டினேன். 'தெய்வத்தின் கை அழுக்காகத் தெரிகிறது, சுத்தம் செய்து அனுப்புங்கள்' என்றார்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. முதல் வேலை, போய்விடுமோ என்ற பயம். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பத்துக் கையையும் வழுவழுப்பாக்கினேன். பழைய லேப்டாப்பில் இடமில்லை என்று லேயர் என்கிற அடுக்குகளை எல்லாம் ஒன்றாக்கி, அதே பெயரில் சேமித்தேன். எங்கள் தொழிலில் இருக்கிற எவனும் செய்யக் கூடாத காரியம். பழைய படம் அத்தோடு போயிற்று. அனுப்புவதற்குச் சிக்னல் தேடி நடுவட்டம் பஸ் ஸ்டாப் வரைக்கும் மழையில் நடந்தபோது, லேப்டாப் நனையாமல் குடை பிடித்து வந்தவளும் நீதான்.

கேம் வெளிவந்த அன்று போனில் காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாய்.

"அழகா இருக்கு. யாரு கை இது?"

"உன் கைதாம்மா. கொஞ்சம் சுத்தம் பண்ணியிருக்கேன்."

"ஓ" என்றாய். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் குழாயடியில் எலுமிச்சந்தோலை வைத்து நீ விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். பார்த்தும் பாராதவன் மாதிரி உள்ளே போய்விட்டேன். என்னை நான் மன்னிக்காத இடம் அது.

போன மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தாய். இரண்டு மாதத்தில் கறையெல்லாம் தானாகவே போய்விட்டது. ஒருநாள் கைகளைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்து, "பாத்தியா, ஒன் கம்பெனிக்காரனுக்குப் பிடிச்ச கை" என்றாய். பக்கத்துக் கட்டில்காரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தனை வருடமும் அதை நீ மனதில் வைத்திருந்தாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

படம் இல்லை என்று கம்பெனிக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். மனம் வரவில்லை. மறுபடியும் வரைய உட்கார்ந்தேன். அன்று எடுத்த படங்கள் பழைய போனோடு போய்விட்டன. அக்கா கல்யாண ஆல்பத்தைப் புரட்டினேன்; எல்லாவற்றிலும் நீ கையை முந்தானைக்குள் வைத்திருக்கிறாய். கறையும் வெடிப்பும் நினைவிலிருந்தே வந்தன. ஆனால் கட்டைவிரலுக்குக் கீழே, கொழுந்துக் கத்தரி கிழித்த தழும்பு ஒன்று இருந்ததே, அது எந்தக் கையில்?

கூடலூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். "வலது கைடா" என்றாள். "இல்ல, இடதோ?" என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எங்களைத் தூக்கி வளர்த்த கை. இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியவில்லை.

நேற்று வரைந்து முடித்தேன். கம்பெனிக்கு அனுப்புவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஊழித்தாய்க்கு வலப்பக்கம் ஐந்து கை, இடப்பக்கம் ஐந்து. பத்திலும் அந்தத் தழும்பைப் போட்டிருக்கிறேன் அம்மா. ஐந்து கையாவது உன்னுடையதாக இருக்கும்.