கிளினிக் சீட்டு

12 ஆகஸ்ட் 2021, வியாழன்

கொரோனாவில் இறந்த சேகர் அண்ணனின் மனைவி இன்று பத்து காவான் ஊரிலுள்ள எங்கள் ஃபேக்டரிக்கு வந்து, அண்ணனுக்குக் கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டை, கிளினிக் சீட்டு எழுதிக் கொடுக்கும் என் மேசையில் வைத்தார்.

"ஒரு தடவகூட யூஸ் பண்ணல தங்கச்சி. ஆபீஸ் சீட்டு இல்லாம கிளினிக் போனா கார்டு செல்லாதுன்னு நீங்க சொன்னீங்களாம். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் காய்ச்சலோட படுத்துகிட்டு, 'திங்கக்கிழம சீட்டு வாங்கிக்கலாம்லா'ன்னாரு."

சொன்னேன்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்குக் கார்டே கேட்க மாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அண்ணன் சீட்டு கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப்பைத் திங்கள் காலையில்தான் பார்த்தேன். ஞாயிறு இரவே அவர் போய்விட்டது எனக்குத் தெரியாது. "சீட்டு ரெடி அண்ணே, வந்து வாங்கிக்குங்க" என்று பதில் போட்டேன். உடனே நீல டிக் விழுந்தது. வந்துவிடுவார் என்று மத்தியானம்வரை சீட்டை மேசையிலேயே வைத்திருந்தேன்.

அண்ணன் போனில் அதைப் படித்தது இந்த அக்கா.